கடற்கரை வீட்டில் செங்கல் புகைபோக்கி உப்பரித்து உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?

வேண்டாம். தேவிபட்டினத்தில் தாத்தா காலத்து வீடு, விறகடுப்புப் புகைபோக்கியில் செங்கல் மாவாகக் கொட்டுகிறது, கொத்தனார் சிமெண்ட் பூசச் சொல்கிறார் என்கிறீர்கள். பூசினால் சேதம் கூடத்தான் செய்யும்.

எங்கள் வீடு கீழக்கரையில், அங்கேயும் இதே கதைதான். உப்புக்காற்றின் ஈரத்தைச் செங்கல் குடித்துக்கொள்ளும். வெயிலில் ஈரம் போய்விடும், உப்பு மட்டும் உள்ளே படிகமாகித் தோலைத் தள்ளும். பழைய சுண்ணாம்புக் காரை இளக்கமானது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், உதிர்ந்தாலும் காரைதான் உதிரும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் அடி செங்கலுக்கு விழுகிறது. அப்புறம் பூச்சு பெயரும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்து அள்ளிவிடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஆசிட் பேச்சே வேண்டாம். இடுக்கில் பொக்கையான காரையை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, நீற்றிச் சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு என்று குழைத்து அடையுங்கள். கடற்கரை மணல் கூடாது.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் தலைவலி. உவர் போர்த் தண்ணீரில் குழைத்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரில்தான் குழைக்க வேண்டும். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். ஆகவே வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழை நெருங்கும்போது தொடங்காதீர்கள்.

வெளியே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் வேண்டாம்.

சீமைக்கருவேல விறகைப் பச்சையாக எரிக்கிறீர்களா? உள்ளே தார் மாதிரி கரி ஒட்டும், அது தீப்பிடிக்கும். காயவைத்து எரியுங்கள், ஆண்டுக்கொரு முறை கரியைத் தட்டிவிடுங்கள். விரிசல் எங்கே என்று தெரிய, ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பில் ஈர ஓலையைப் புகையவிட்டு மேல்வாயைச் சற்று நேரம் சாக்கால் மூடச் சொல்லுங்கள். புகை கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

உச்சியில் நாலு செங்கல் கால் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் வெளியே நிற்கும்படி ஒரு கடப்பா கல் போடுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட்டால், துரு ஊதிப் பிளந்துவிடும். கூரைக்கு மேலுள்ள பகுதி சாய்ந்திருந்தால் மட்டும் இந்த ஒட்டு வேலை எதுவும் வேண்டாம், கூரை மட்டம் வரை பிரித்துத் திரும்பக் கட்டிவிடுங்கள்.