ஸ்கேனரில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் பேச்சைக் கேட்பது குற்றமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறோம். எங்கள் 16 வயது மகன் தன் சேமிப்பில் ஒரு கையடக்க ரேடியோ ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் துழாவி, அவற்றில் நடக்கும் பேச்சைக் கேட்க உதவும் கருவி) வாங்கியிருக்கிறான். சிவப்பு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் விமானி பேசுகிற அலைவரிசையை அதில் பதித்து, வானொலியில் அந்த ஹெலிகாப்டரை அழைக்கும் பெயரான ‘ஹெலிமெட்’ என்பதையே பெயராகவும் வைத்திருக்கிறான். சென்ற வாரம் அந்த ஹெலிகாப்டர் அருகிலுள்ள பூங்காவில் இறங்கியது. அதற்கு முன் விமானி பேசியதைப் பதிவு செய்து, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். என் கணவரும் அதை உறவினர்களுக்கு அனுப்பினார். இது குற்றம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடையில் வெளிப்படையாக விற்கிற பொருள் எப்படிக் குற்றமாகும்? கோடையில் சென்னை வரும்போது அவன் அதை எடுத்து வரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை.

ஸ்கேனரை வாங்குவதோ வைத்திருப்பதோ பிரித்தானியாவில் குற்றமல்ல. அதனால்தான் கடையில் விற்கிறார்கள். எதைக் கேட்பதற்காக அதைப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. 2006ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, நமக்காக அனுப்பப்படாத செய்தியின் உள்ளடக்கத்தையோ, அதை அனுப்பியவர் யார், யாருக்கு அனுப்பினார் என்பதையோ அறியும் நோக்கத்துடன் கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 1949ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே விதி இருந்தது. விமானி பேசுவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம். உங்கள் மகனிடம் அல்ல. அந்தப் பேச்சு மறையாக்கம் (பிறருக்குப் புரியாதபடி குறியீடாக மாற்றுவது) இல்லாமல் திறந்த வெளியில் போகிறது என்பது தப்பிக்கும் வழியாகாது.

‘நோக்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அலைவரிசைகளைத் துழாவும்போது தற்செயலாகக் காதில் விழுந்தது என்றால் குற்றம் நிற்காது. ஆனால் அந்த அலைவரிசையைத் தேடிப் பிடித்து, நினைவகத்தில் ஏற்றி, திரையில் ‘ஹெலிமெட்’ என்று தட்டச்சு செய்து வைத்த பிறகு, தற்செயல் என்று நான் எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது. அந்தப் பெயரே நோக்கத்துக்குச் சாட்சி.

இணையத்தில் அமெரிக்கர்கள் ஸ்கேனர் வைத்து ஹெலிகாப்டர் பேச்சைக் கேட்கிற காணொளிகளை அவன் பார்த்திருக்கலாம். அங்கே 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் விமானத் தொடர்புப் பேச்சைக் கேட்க வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. இங்கே அப்படி இல்லை. பல நாட்டு விமான நிலையங்களின் பேச்சை நேரலையில் தருகிற லைவ்ஏடிசி தளத்தில் பிரித்தானிய நிலையங்கள் இல்லாததற்கும் இந்தச் சட்டமே காரணம்.

வீட்டு பால்கனியில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த பையன்மீது வழக்குத் தொடுப்பது அரிது. என்னை உறுத்துவது வாட்ஸ்அப் பதிவுதான். கேட்டதை வெளியிடுவது அதே பிரிவின் கீழ் தனிக் குற்றம். கருவியைப் பயன்படுத்தியது வேறொருவராக இருந்தாலும், அதன்மூலம் கிடைத்த தகவலை வெளியிட்டவரும் பொறுப்பாளியே. அதாவது, ஸ்கேனரைத் தொடாத உங்கள் கணவரும் இதில் வருகிறார். மகனைக் கண்டிக்கும் முன் இதை அவரிடம் சொல்லுங்கள்.

தண்டனை அபராதம் மட்டுமே, சிறை இல்லை. 16 வயதுப் பையனின் வழக்கு இளையோர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அபராதம் 1,000 பவுண்டைத் தாண்டாது. எச்சரிக்கையோடு முடியவும் வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல் இந்த அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. குற்றம் உறுதியானால் ஸ்கேனரை இழக்கவும் நேரலாம்.

இந்த விதி வெறும் கெடுபிடி என்று நான் நினைக்கவில்லை. 1989 முதல் இயங்கும் லண்டன் விமான ஆம்புலன்ஸ், வைட்சேப்பலில் உள்ள ராயல் லண்டன் மருத்துவமனையின் கூரைத்தளத்திலிருந்து மருத்துவரையும் துணை மருத்துவரையும் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. விபத்து நடந்த இடத்திலேயே ரத்தம் ஏற்ற அவர்கள் தொடங்கியது 2012இல். அவ்வளவு மோசமான காயங்களுக்குத்தான் அது வருகிறது. நோயாளியைப் பற்றிய பேச்சு அவசர சேவைகளுக்கான, மறையாக்கம் செய்த ஏர்வேவ் வலையமைப்பில் போவதால் ஸ்கேனரில் கேட்காது. ஆனால் எந்தப் பூங்காவில் இறங்குகிறார்கள் என்பது விமானியின் பேச்சில் வந்துவிடும். அதைக் குழுவில் போட்டால் கைபேசியோடு கூட்டம் கூடும். தரையில் கிடப்பவரின் தாய், காவலர் வந்து பக்குவமாகச் சொல்லும் முன்பே தெருக் குழுவில் விஷயத்தை அறிவார். அந்த இடத்தில் நம் பிள்ளை கிடந்தால் என்ன பாடுபடுவோம் என்று மகனிடம் கேளுங்கள். அவனுக்குப் புரியும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். குழுவிலும் உறவினர்களிடமும் பகிர்ந்த பதிவை இன்றே நீக்கச் சொல்லுங்கள். நினைவகத்திலிருந்து அந்த அலைவரிசையை எடுத்துவிடட்டும். ஆனால் காவல்துறை ஏற்கெனவே உங்களைத் தொடர்பு கொண்டிருந்தால், கைபேசியிலோ ஸ்கேனரிலோ எதையும் அழிக்காதீர்கள். விசாரணை தொடங்கிய பிறகு ஆதாரத்தை அழிப்பது நீதியைத் தடம் புரட்டும் குற்றம். அதற்குச் சிறை உண்டு. காவல் நிலையத்துக்கு அழைத்தால், வருமானம் எதுவானாலும் வழக்கறிஞர் இலவசம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பெற்றோரோ பொறுப்பான வேறொரு பெரியவரோ உடன் இல்லாமல் விசாரிப்பது முறையல்ல. வழக்கறிஞர் வரும்வரை, நல்ல மனத்தோடு தரும் விளக்கம்கூட வேண்டாம்.

சென்னைக்குக் கொண்டு வரவே வேண்டாம். 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவோ, சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. சுங்கச் சோதனையில் மாட்டிக்கொண்டு விடுமுறையைத் தொலைக்காதீர்கள்.

ஸ்கேனரைப் பிடுங்கி வைக்கவும் வேண்டாம். வானொலி ஒலிபரப்பு, வானிலை அறிவிப்பு, அமெச்சூர் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தமக்குள் பேசிக்கொள்வது) ஆகியவற்றை அவன் தாராளமாகக் கேட்கலாம். 2016இல் பிரித்தானிய விண்வெளி வீரர் டிம் பீக் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பிரித்தானியப் பள்ளி மாணவர்களுடன் பேசியதும் அமெச்சூர் அலைவரிசையில்தான். நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது அங்கிருந்து வரும் 145.800 மெகாஹெர்ட்ஸை, அந்த அலைவரிசை உள்ள ஸ்கேனரில் பிடிக்க முடியும். கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்பினால், அமெச்சூர் உரிமத்துக்கான முதல்நிலைத் தேர்வு எழுதட்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது கிடையாது.