வாசகர் கேள்விகள்: வெள்ளிக்கிழமைத் தீர்ப்புகள்

கேள்வி: அண்மை ஆண்டுகளில் வெளியான தமிழ்ப் படங்களில், விமர்சகர்கள் அளித்ததைவிடக் கூடுதலான பாராட்டுக்கு உரியது என்று நீங்கள் கருதும் படம் எது? (வாசகர், வேலூர்)

பதில்: பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’. 2024 ஆகஸ்ட் 15 அன்று அந்தப் படம் வெளியானபோது வந்த விமர்சனங்களில் பலவும் விக்ரமின் உழைப்பை மெச்சிவிட்டு, பேச்சு புரியவில்லை, இரண்டாம் பாதி குழப்புகிறது, ஒரே படத்தில் சொல்ல வந்தவை அதிகம் என்ற மூன்று குறைகளோடு முடிந்துவிட்டன. முதல் குறையை நானும் ஏற்கிறேன். படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவு செய்யப்பட்ட குரல்கள், அதுவும் பழைய வட ஆற்காட்டு வழக்கில் பேசும் குரல்கள், நான் பார்த்த அரங்கில் பாதிக்குப் பாதி காதில் விழாமல் நழுவின. பாம்புகள் வரும் இடங்களில் கணினி வரைகலையும் எனக்கு உவப்பாக இல்லை.

மற்ற இரண்டு குறைகளும் படத்தை அதற்குரியதல்லாத தராசில் நிறுத்தியதால் வந்தவை என்றே நினைக்கிறேன். கதை 1850இல், வட ஆற்காட்டின் வேப்பூரில் தொடங்குகிறது. விளைந்த பயிரையும் நிலத்தையும் பறிகொடுத்த ஒரு குடும்பத் தலைவன், வெள்ளைக்காரத் துரை ஒருவருடன் கோலார்ப் பக்கம் தங்கம் தேடிப் புறப்படுகிறான். இதைக் கேட்டவுடன் புதையல் தேடும் சாகசப் படம் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் இரஞ்சித் எடுத்தது தகப்பன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையை. அந்தக் கதையில் முப்பாட்டனும் வருகிறான், அதற்கும் முந்தைய அரசர் காலமும் வருகிறது, எல்லாக் காலத்திலும் விக்ரமே வருகிறார். கல்வெட்டும் செப்பேடும் பட்டாவும் வாய்க்காத மக்களிடம் வரலாறு இப்படிப் பாட்டன் கதையாகவும் கனவாகவும்தான் கைமாறி வந்திருக்கிறது. ஆகவே காலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதைத் திரைக்கதையின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது; அந்த மக்கள் தங்கள் கதையைச் சொல்லிவந்த முறையே அதுதான்.

கோலார் தங்கவயலின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பலர் வட ஆற்காட்டிலிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும் போன தலித் மக்கள். 1902இலேயே சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் அந்தச் சுரங்கங்களுக்கு வந்துவிட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பாறையை உடைத்தவர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தத் தொழிலாளர்களின் முன்னோர் எதற்காக ஊரைவிட்டுப் புறப்பட்டிருப்பார்கள் என்ற கேள்வியை நம் வெகுஜன சினிமா இத்தனை பெரிய செலவில் கேட்டது அநேகமாக இதுவே முதல் முறை.

இரண்டு இடங்களை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பசுபதி ஏற்றிருக்கும் பாத்திரம் நாமமும் பூணூலும் தரித்துக்கொண்டு, இராமானுஜர் தங்களுக்கும் வைகுந்தத்தில் இடம் வாங்கித் தந்துவிட்டார் என்று நம்பும் மனிதர். முதலில் சிரிப்பு மூட்டும் அவர், படம் போகப் போக அதன் மிகத் துயரமான மனிதராகிறார். மற்றொன்று, அதுவரை ரவிக்கை அணிந்திராத பெண்கள் முதன்முதலாக அதை உடுத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சி. பார்வதி திருவோத்தின் முகத்தில் அந்த வேளையில் வரும் கூச்சமும் களிப்பும், பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் வராதவை.

கேள்வி: ‘குதிரைவால்’ படத்தைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. விமர்சகர்களில் பலரும் புரியவில்லை என்றே எழுதினார்கள். புரியாத படத்தை எப்படிப் பாராட்டுவது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முழுவதும் புரிந்ததாக நானும் சொல்லிக்கொள்ள மாட்டேன். 2022 மார்ச்சில் வந்த அந்தப் படத்தில், வங்கியில் வேலை பார்க்கும் இளைஞன் (கலையரசன்) ஒரு காலையில் கண்விழிக்கும்போது தனக்குக் குதிரைவால் முளைத்திருப்பதைக் காண்கிறான். ஏன் முளைத்தது என்று அறிய அவன் கனவுக்குப் பலன் சொல்லும் பாட்டியிடம் போகிறான், சோதிடரிடம் போகிறான், கணக்கு வாத்தியாரிடமும் போகிறான். இது மேல்நாட்டு இறக்குமதிச் சரக்கு என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களில் கனவுப் பலனையும் பல்லி விழும் பலனையும் படித்து வளர்ந்த நாம், ஒரு கனவின் பொருளைத் தேடிப் போகிறவனை அந்நியன் என்று சொல்வது விந்தைதான். நாயகனுக்கு, கனவுகளை ஆராய்ந்த மேல்நாட்டு உளவியல் அறிஞர் ஃப்ராய்டின் பெயரையும் வைத்து, அவனைப் பாட்டியின் திண்ணைக்கு அனுப்பிய குறும்பை எத்தனை விமர்சனங்கள் ரசித்தன? இறுதிப் பகுதியில் படம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள முயன்று களைப்படைகிறது என்பது உண்மை. ஆயினும் முதல் அரை மணி நேரத்தின் ஒளியமைப்புக்காகவும் துணிச்சலுக்காகவும் மறுபடியும் ஒரு முறை பாருங்கள். புரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் வழக்கத்தைப் பற்றிய ‘தலைக்கூத்தல்’ படம் பேசப்படாமலே போய்விட்டதே? (வாசகர், விருதுநகர்)

பதில்: 2023 பிப்ரவரி 3 அன்று ‘பொம்மை நாயகி’, ‘ரன் பேபி ரன்’ ஆகிய படங்களோடு சேர்ந்து வந்து, நெரிசலில் காணாமல் போன படம் அது. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி உலகைவிட்டே அனுப்பிவைக்கும் வழக்கம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதல்ல. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய இந்தப் படத்தில், நினைவற்றுக் கிடக்கும் தந்தையை விட்டுக்கொடுக்க மறுக்கும் மகனாகச் சமுத்திரக்கனி நடித்திருக்கிறார். மற்ற படங்களில் நமக்கு அறிவுரை சொல்லியே பழகிய அவர், இதில் ஏடிஎம் காவலாளியாக வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதே பெரிய ஆறுதல்.

தந்தையின் இளமைக் காதலைச் சொல்லும் பகுதி (கதிர் நடித்தது) கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்பது விமர்சனங்களில் அடிக்கடி கண்ட குறை. எனக்கு அந்தப் பகுதிதான் படத்தின் உயிராகத் தெரிந்தது. அது இல்லாவிட்டால் கட்டிலில் கிடப்பவர் ஒரு சுமை மட்டுமே. அதைப் பார்த்த பின்னர், ஆற்றங்கரையும் ஆசையும் அச்சமும் கொண்ட முழு வாழ்க்கை ஒன்று அந்தக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவரை அனுப்பிவிடலாம் என்று சொல்லும் உறவினரோடு அதற்குப் பிறகு நாம் எளிதில் உடன்பட முடிவதில்லை. வேலைக்கும் போய் வீட்டையும் தாங்கும் மருமகளாக வரும் வசுந்தராவையும் படம் கொடியவளாக்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டே நகர்கிறது.

கேள்வி: ‘மெய்யழகன்’ நீளம் என்று குறை சொன்னவர்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விமர்சகர்களில் பெரும்பாலோர் அதை வாழ்த்தவே செய்தார்கள் என்பதால் அது இந்தப் பட்டியலில் சேராது. ஆனால் வெளியான சில நாட்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. விடிய விடியப் பேசித் தீராத இருவரைப் பற்றிய படத்தில் பேச்சைக் குறைப்பது, கல்யாணப் பந்தியில் சாம்பாரோடு இலையை எடுத்துவிடுவதைப் போன்றது.

கேள்வி: முதலில் குறை சொன்ன விமர்சகர்கள் பின்னாளில் கருத்தை மாற்றிக்கொள்வது உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: உண்டு, ஆனால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ நல்ல எடுத்துக்காட்டு. சோழர் எச்சமாக வாழும் மக்கள் பேசும் பழந்தமிழ் விளங்கவில்லை, பிற்பாதி திசைமாறிவிட்டது என்று அன்று எழுதப்பட்டது. ‘தங்கலான்’ மீது சொன்ன குறைகளும் ஏறக்குறைய இவையே. இரண்டுக்கும் இசை ஜி.வி. பிரகாஷ்குமார் என்பது தற்செயல். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் படம் மீண்டும் அரங்குகளுக்கு வந்தபோது, எந்தப் பிற்பாதியைக் குறை சொன்னார்களோ அதற்காகவே இளைஞர்கள் கூடினார்கள். 2010இல் அந்தப் பிற்பாதியைப் பற்றிச் சலிப்போடு நான்கு வரி எழுதியவர்களுள் நானும் ஒருவன். அது தவறான கணிப்பு என்று அச்சில் ஒப்புக்கொள்வதற்கு உங்கள் கேள்வி வரவேண்டியிருந்தது.