வியன்னா போக யார் பணம் தருவார்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்துச் சதுப்புகளில், பாதி மட்கிய செடிகொடிகள் படிந்து உருவான பீட் மண்ணில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏப்ரலில் வியன்னாவில் நடக்கும் ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப ஆசை. தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. வேறு வழி உண்டா?
– ஆய்வு மாணவி, கோத்தகிரி

பதில்: அடகு வேண்டவே வேண்டாம். பச்சைத் தேயிலை விலை எப்படி விழும் என்று உங்கள் வீட்டுக்குத் தெரியாததா? இதற்கென்றே பணம் இருக்கிறது.

முதலில் மாநாட்டையே கேளுங்கள். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வியன்னா மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி உண்டு. ஆய்வுச் சுருக்கத்தோடு சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருக்கும். உதவி கேட்பவர்களுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே கதவு மூடிவிடும். நீலகிரிப் பீட் மண்ணின் கார்பனைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தைக் கணித்த ஆய்வு 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த மண்ணில் வளர்ந்த பெண்ணே அதைப் பற்றிப் பேசப் போகிறாள் என்பதை விண்ணப்பத்தில் கூச்சமின்றி எழுதுங்கள். நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அடுத்தது மத்திய அரசு. அறிவியல் ஆய்வுகளுக்குப் பணம் தரும், செர்ப் என்று நாம் பழகியிருந்த வாரியம் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) ஆகியிருக்கிறது. குறுகிய வழியில் சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் விசா கட்டணமும் அதன் பயண உதவித் திட்டத்தில் வரும். அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆரையும் பாருங்கள். சமூக அறிவியல் தோழியர் இருந்தால், அந்தத் துறைக்கான ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பக்கம் அனுப்புங்கள்.

சிக்கல் இனிமேல்தான். அரசுப் பணம் பெரும்பாலும் போய் வந்த பிறகே கைக்கு வரும். மானியம் கிடைத்தும் டிக்கெட் எடுக்க வழியில்லாமல் நின்றுவிடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இதைப் பேராசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: ஒப்புதல் கடிதம் வந்த பிறகு கல்லூரியோ பல்கலைக்கழகமோ முன்பணம் கொடுத்து, மானியம் வந்ததும் கழித்துக்கொள்ளலாமே! தேயிலை பறிக்கும் அப்பா எதற்காக வட்டி கட்ட வேண்டும்? மகளே, துறைத் தலைவரிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல்முறை என்றால் கைரேகை கொடுக்கச் சென்னையில் உள்ள விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. மழை நேரமென்றால் ஒரு நாள் முன்பே மலையிறங்கிவிடுங்கள். பாதையில் மண் சரிந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். நம் சான்றிதழ்களில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். மாநாட்டுப் பதிவு, அழைப்புக் கடிதம், டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். டிக்கெட்டை எந்த முகவரிடம் எடுக்க வேண்டும் என்று ஒப்புதல் கடிதத்தில் விதி இருந்தால் அதைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்தி, ஊர் திரும்பிய வாரமே கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.