முகத்தை மறைத்துவிட்டால் விபத்தில் இறந்தவர்களின் படங்களை வெளியிடலாமா?

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது என்பதுதான் என் பதில். இறந்தவரை அறியாதவர்களுக்கு முகம் மறைந்தால் எல்லாம் மறைந்த மாதிரிதான். வீட்டு ஆட்களுக்கு அப்படியில்லை.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், கையில் ஏதோ ஒரு படத்தை வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. யோசிக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். எங்கள் வீட்டு விஷயத்தில் யாரும் யோசிக்கவில்லை.

என் தம்பி இரவு வேலை முடித்து வரும்போது, விளக்கு எதுவும் எரியாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அங்கேயே இறந்துபோனான். கைபேசி நொறுங்கிவிட்டதால், ஆள் யார் என்று கண்டுபிடித்து வீட்டுக்குச் சொல்லப் போலீசாருக்கு நேரமாகிவிட்டது. அதற்குள் ஒரு செய்தித் தளத்தில் படம் வந்துவிட்டது. உறவுக்காரப் பையன் ஒருவன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "இது நம்ம பக்கம் நடந்ததாமே, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டிருந்தான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கும் தெரியாது.

படத்தில் முகத்தை நன்றாகத்தான் மறைத்திருந்தார்கள். ஆனால் அவன் தோளில் பை அப்படியே இருந்தது. கறுப்புப் பை. அறுந்துபோன வாரை அம்மா தடித்த நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுத்திருந்தார். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று கையில் கிடைத்த நூலை எடுத்துத் தைத்தது. அம்மா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த நான் என்னவென்று கேட்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. போலீஸிடமிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தளத்துக்கு நான்தான் ஃபோன் செய்தேன். "முகத்தைத்தான் மறைச்சிட்டோமே மேடம்" என்றார் எடுத்தவர். கெஞ்சிய பிறகு எடுத்தார்கள், ஆனால் அதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. தலைப்பு வேறு, "அதிவேகத்தால் வாலிபர் பலி". அதிவேகம் என்று யார் அளந்தார்கள்? விசாரணையே தொடங்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் "வண்டி வாங்கிக் கொடுத்ததே தப்பு" என்று அம்மா காதுபடப் பேசினார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன்: ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகலாம். வேலைக்குப் போகிற பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது ஒரு தாயின் குற்றமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். விபத்துப் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1975-ல் பாஸ்டன் நகரில் தீப்பிடித்த ஒரு கட்டடத்தில், தப்பிப்பதற்கென்று வெளியே பொருத்தியிருந்த இரும்புப் படிக்கட்டு பிய்ந்து ஓர் இளம்பெண்ணும் ஒரு குழந்தையும் கீழே விழுந்ததை ஸ்டான்லி ஃபோர்மன் படமெடுத்தார். அந்தப் பெண் இறந்துவிட்டார், குழந்தை பிழைத்தது. படத்தைப் போட்ட பத்திரிகைகளை வாசகர்கள் திட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு இப்படிப்பட்ட படிக்கட்டுகளுக்கான பாதுகாப்பு விதிகள் பாஸ்டனிலும் வேறு நகரங்களிலும் கடுமையாக்கப்பட்டன. அந்தப் படத்தில் பிய்ந்த இரும்பு தெரிகிறது, அதாவது எதனால் விழுந்தார்கள் என்பது தெரிகிறது. அவர்கள் தரையில் மோதும் கணத்தில் ஃபோர்மன் திரும்பிக்கொண்டார், அதைப் படமெடுக்கவில்லை.

1985-ல் கொலம்பியாவில் எரிமலை வெடித்துச் சேறு மூடிய அர்மேரோ ஊரில், இடிபாட்டுக்குள் கழுத்தளவு நீரில் சிக்கிக்கொண்ட 13 வயதுச் சிறுமி ஒமைரா சான்செஸை ஃபிராங்க் ஃபூர்னியே எடுத்த படமும் அப்படித்தான். தண்ணீரை இறைக்க ஒழுங்கான பம்பு கூட வந்து சேரவில்லை என்பதை உலகம் அதனால்தான் பேசியது. அந்தப் படத்தின் தேவையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவளுடைய அம்மா அப்போது தலைநகர் பொகோட்டாவில் உயிரோடு இருந்தார் என்று படித்த பிறகு, அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

என் தம்பியின் விபத்திலேயே இன்னொரு படமும் உண்டு. அந்த வழியாக வந்த யாரோ ஒருவர், லாரியின் பின்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தார். பின்விளக்கு இல்லை, பிரதிபலிப்பான் பட்டை இல்லை, எச்சரிக்கை முக்கோணம் இல்லை. அதை அவர் எங்கேயும் பகிரவில்லை, நேராகக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் படம்தான். அவர் யாரென்று கூட எனக்குத் தெரியாது, அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். பார்ப்பவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் போடுகிறோம் என்று சொல்பவர்கள், இந்த இரண்டு படங்களில் எது பாடம் என்று சொல்லட்டும்.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. ஜெர்மனியில் 2021 முதல், இறந்தவரை அருவருக்கத்தக்க விதத்தில் காட்சிப்படுத்தும் படத்தை அனுமதியில்லாமல் எடுப்பதே குற்றம், 2 ஆண்டு வரை சிறை உண்டு. கலிபோர்னியாவில் 2020 ஹெலிகாப்டர் விபத்தில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் மகளும் இறந்தபோது, கடமைக்காக அங்கே போனவர்களே சொந்தக் கைபேசியில் படமெடுத்து மற்றவர்களிடம் காட்டினார்கள். அந்தப் படங்கள் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அப்படியிருந்தும் 2022-ல் அவர் மனைவிக்கு 1.6 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று ஜூரி சொன்னது.

உங்களிடம் இருக்கும் படத்துக்கு வருவோம். முதலில், குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று போலீஸிடம் கேளுங்கள். போகவில்லை என்றால் எந்தப் படமும் வேண்டாம், எவ்வளவு மறைத்தாலும் வேண்டாம். போயிருந்தால், உடை, பை, செருப்பு, வண்டி எண் எதுவும் தெரியாத படம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம், உடைந்த தடுப்பு, எரியாத விளக்கு மாதிரி காரணத்தைக் காட்டும் படம் இருந்தால் அதைப் போடுங்கள், அசல் பிரதியை விசாரிப்பவர்களிடமும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வீட்டிலிருந்து யாராவது ஃபோன் செய்து எடுக்கச் சொன்னால், விவாதம் செய்யாமல் முதலில் எடுத்துவிடுங்கள்.