சிக்னலில் டிரைவா, நியூட்ரலா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஆறு மாதம் முன்பு ஏஎம்டி கார் வாங்கினேன். சிக்னலில் நியூட்ரல் போடாவிட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார் அண்ணன். டிரைவிலேயே விடுங்கள் என்கிறார் எங்கள் அலுவலக டிரைவர். எது சரி?

பதில்: இரண்டுமே பாதி சரி. நீங்கள் கவலைப்பட வேண்டியது கியரைப் பற்றி அல்ல, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச்சைப் பற்றி. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் பிளேட்டும் அதே மாதிரிதான். இடது கால் மிதித்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது, அவ்வளவுதான்.

டிரைவில் வைத்து பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால், கிளட்ச் முழுதாகப் பிரிந்துவிடும். பிளேட் எதிலும் உரசாது. அதனால் அரை நிமிட நிறுத்தத்துக்கு நியூட்ரல் தேவையில்லை. இந்திரா காந்தி சிலை சிக்னலில் நெடுநேரம் மாட்டிக்கொண்டால் மட்டும் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். கிளட்ச் பேரிங்குக்கும் ஓய்வு, உங்கள் காலுக்கும் ஓய்வு.

தேய்மானம் நிற்கும்போது நடப்பதில்லை, ஊரும்போதுதான் நடக்கிறது. காலையில் மரப்பாலம் பகுதி நெரிசலில் பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்ததும் வண்டி தானாக நகர்கிறதல்லவா? அதுதான் ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருப்பது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் எதற்காக உங்களைத் திட்டினாரோ, அதை இப்போது வண்டியே செய்கிறது. இரண்டடி நகர்ந்து பிரேக், மறுபடி இரண்டடி, மறுபடி பிரேக் என்று போனால் ஒவ்வொரு முறையும் பிளேட் உரசிச் சூடாகும். முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விழும்வரை நின்றுவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டு ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் நுழையும். நுழையட்டும், கிளட்ச் செட் வாங்குவதைவிட அது மலிவு.

ஏற்றத்தில் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். கேப்பர் மலைப் பக்கம் தினமும் போய்வந்த ஒருவரின் வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். பிளேட் ரிவெட் தெரியும்வரை தேய்ந்திருந்தது, பிரஷர் பிளேட்டில் நீலத்திட்டுகள், கையில் எடுத்தால் கருகிய வாடை. விசாரித்தால், பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போதெல்லாம் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டி பின்னால் உருளாமல் பிடித்திருக்கிறார். ஏற்றத்தில் பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக்கிலோதான் நிற்க வேண்டும். கிளம்பும்போது ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பதும் பழைய கதை. கார்பரேட்டர் காலத்தோடு அது போய்விட்டது. இன்றைய இன்ஜின்கள் கியரில் இருந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காகக் குடித்துக்கொண்டிருக்கும். அதோடு இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது.

ரிவர்ஸுக்கு மாற்றும் முன் வண்டி முழுதாக நிற்க வேண்டும். இது எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.

அப்புறம், உங்கள் அலுவலக டிரைவர் ஓட்டுவது டார்க் கன்வெர்ட்டர் வண்டியாக, அதாவது இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் ஆட்டோமேட்டிக்காக இருக்கலாம். அப்படியென்றால் அவர் சொல்வது அவர் வண்டிக்கு மிகச் சரி. அதில் நின்றிருக்கும்போது வழுக்குவது ஆயில்தான், பிளேட் இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் லீவரை ஆட்டினால்தான் உள்ளே இருக்கும் கிளட்ச்சுகள் வீணாக விட்டுவிட்டுப் பிடிக்கும். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: சரிவில் நிறுத்தும்போது நேராகப் பார்க்கிங்கில் தள்ளிவிட்டு இறங்கிவிடுகிறாரா? அப்படிச் செய்தால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவு இரும்புக் கொக்கியில் தொங்கும். மறுநாள் லீவரை எடுக்கும்போது ‘டக்’ என்று கேட்பது அதுதான். முதலில் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பார்க்கிங் போட வேண்டும். உங்கள் ஏஎம்டியில் பார்க்கிங் நிலை இல்லையென்றால், ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு கியரிலேயே வைத்து இன்ஜினை அணையுங்கள்.