குழாயடி: ஈயச் சொம்பு வேறு, ஈயக் குழாய் வேறு

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிகாகோ வந்திருக்கிறேன். அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் தண்ணீர்த் துறையிலிருந்து ஒரு கடிதம். இந்த வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் ஈயமாம். அன்றிலிருந்து மாப்பிள்ளை கடைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார். ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எழுபது வயதாகிறது, ஒன்றும் ஆகவில்லை. கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

பதில்: அம்மா, இந்தக் குழப்பத்தில் பாதி நம் பேச்சுவழக்கால் வந்தது. இரண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் சொம்பு வெள்ளீயம். அந்தக் குழாய் காரீயம். முன்னதில் ரசம் மணக்கும், பின்னது நஞ்சு. அதிலும் வளரும் மூளைக்கு.

சொம்பென்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என் கல்யாணச் சீரில் வந்த சொம்பை, புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனேன். திரும்பி வந்தால் பர்னரைச் சுற்றி வெள்ளிக் குளம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்குப் பதிலாக வாங்கிய சொம்பு, கையில் எடுத்தபோதே கனத்தது. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி சாம்பல் தடம். காரீயம் கலந்த சரக்கு! முப்பது வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவியவள் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டார் கடைக்காரர். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் சொம்பையும் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் எங்கேயும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடும். ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பதில்லையா?

சிகாகோவுக்குத் தண்ணீர் தரும் மிச்சிகன் ஏரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வருகிற அந்தச் சின்ன இணைப்பில்தான் வினை. 1986இல் நாடு முழுவதும் தடை வரும்வரை, சிறு வீடுகளுக்குக் காரீய இணைப்புதான் போட வேண்டும் என்று அந்த நகரத்தின் விதியே சொன்னது. அப்படிப் போட்டவை ஏறக்குறைய 4 லட்சம். அமெரிக்காவில் வேறெந்த நகரத்திலும் இத்தனை இல்லை.

அப்படியானால் ஊரே படுத்திருக்க வேண்டுமே என்பீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுகிறோமே, அதுமாதிரி ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. தண்ணீரில் துளி பாஸ்பேட் சேர்த்து அனுப்புகிறார்கள். அது குழாயின் உள்சுவரில் படலமாகப் படிந்து, காரீயம் கரைவதைக் குறைக்கிறது. பூச்சு போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் காட்டியது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள், பாஸ்பேட் சேர்க்கவில்லை. படலம் அரித்துப்போய், குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியது. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். பூச்சு இருக்கிற ஊரிலும், தெருவைத் தோண்டினாலோ மீட்டரை மாற்றினாலோ அதிர்வில் துணுக்குகள் உதிரும்.

மாப்பிள்ளையின் கவலை நியாயம்தான். ஆனால் முதுகு ஒடிய வேண்டாம். சமையலறைக் குழாய்க்கு ஒரு ஃபில்டர் போதும். பெட்டியில் 'என்.எஸ்.எஃப் 53' என்ற தரச்சான்று எண்ணும், காரீயத்தைக் குறைக்கும் என்ற வாசகமும், இரண்டுமே இருக்க வேண்டும். வெறும் 42 என்றிருந்தால் அது குளோரின் வாடைக்கும் ருசிக்கும் மட்டும். கார்ட்ரிட்ஜைத் தவணை தப்பாமல் மாற்றச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விடிகாலை ஐந்துக்கு எழுந்து, எல்லாருக்கும் முன்னால் டிகாக்ஷனுக்குத் தண்ணீர் பிடிப்பவர் நீங்களாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்கக் குழாயில் ஊறிய தண்ணீர் அது. முக்கால் அங்குலக் குழாய் இருபது மீட்டர் இருந்தால் ஐந்தரை லிட்டருக்கு மேல் உள்ளே நிற்கும். முதலில் குளித்துவிட்டோ, துணி துவைக்க விட்டோ, ஐந்து நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓட விட்டபின் பிடியுங்கள், அதுவும் ஃபில்டர் வழியாக. குளிருக்குப் பயந்து வெந்நீர்க் குழாயில் பிடித்து அரிசி வேக வைக்காதீர்கள். வெந்நீர் காரீயத்தை இன்னும் நன்றாகக் கரைக்கும். சோறு தண்ணீரோடு சேர்த்து அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

பேரக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க நேர்ந்தால் ஃபில்டர் தண்ணீர்தான். உரைமருந்து உரைக்கும் எண்ணமிருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். காலில் போட்டுக் குளிப்பாட்டத் தடையில்லை. தோல் வழியாக இது ஏறுவதில்லை, வாயில் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. மகளுக்கு ரத்தத்தில் காரீயம் பார்க்க டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். தாயிடமிருந்து சிசுவுக்குப் போகக்கூடியது இது. 311 எண்ணைக் கூப்பிட்டால் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியை நகரமே இலவசமாக அனுப்பும்.

கேள்வி: சென்னையில் எங்கள் நாற்பது வருஷ வீட்டிலும் ஈயக் குழாய் இருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்து வீடென்றால் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, காரீயத்தில் ஒட்டாது. இங்கே கவனிக்க வேண்டியது பி.வி.சி. குழாய். அது வெயிலிலும் சூட்டிலும் கெடாமலிருக்கக் காரீய உப்பைச் சேர்த்து வந்தார்கள். 2021இல்தான் மத்திய அரசு அதற்கு விதி போட்டது. புதிதாக மாற்றும்போது காரீயம் சேராதது என்று அச்சிட்ட குழாயையே கேட்டு வாங்குங்கள். மலிவு பித்தளைக் குழாய்த் திருகிலும் காரீயம் இருக்கலாம். சந்தேகமிருந்தால் காலையில் பிடித்த முதல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நம் தரக்கட்டுப்பாட்டின் உச்சவரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தீர்களானால் தொட்டியைப் பற்றித்தான் தெரியும்.