கொடியின் ஓரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் கொடிக்கம்பம் நட்டிருக்கிறோம். தேசக் கொடி, கப்பல்களின் சங்கேதக் கொடி என்று இராப்பகலாகப் பறக்கும். ஒரே கயிற்றில் இரண்டு கொடி ஏற்றினால் எது மேலே? கொடிகள் சீக்கிரமே கிழிகின்றன, இன்னும் கெட்டித் துணி வாங்கலாமா? வேலையற்ற வேலை என்று சிலர் கேலி செய்வதும் வருத்தம்.

ர.

அன்புள்ள ர.,

கேலி செய்பவர்கள் செய்யட்டும். தேசக் கொடியோடு வேறு கொடியை ஒரே கயிற்றில் ஏற்றலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி இருந்தால் தேசக் கொடிதான் மேலே. ஆங்கில எழுத்தைக் குறிக்கும் சங்கேதக் கொடிகளில் 'என்' (N) மேலும் 'சி' (C) கீழுமாக அழகுக்குக்கூடக் கட்டாதீர்கள். கடலில் அது ஆபத்து, உதவி தேவை என்ற அழைப்பு.

கிழிசலுக்கு வருவோம். சில நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். இராப்பகலாகப் பறக்கவிட்டு, பலத்த காற்றிலும் இறக்காமல், துணியைக் குறை சொன்னால் எப்படி? கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம் சாட்டை நுனி போல ஓயாமல் அடித்துக்கொள்கிறது. முதலில் போவது அதன் மூலைகள். கெட்டித் துணி என்றால் இளங்காற்றில் விரியாமல் தொங்கும். நைலான் இலேசு, நனைந்தாலும் சட்டென்று உலரும். கனத்த பாலியஸ்டர் எப்போதும் காற்று வீசும் இடத்துக்கு மட்டும். கொடியின் நீளம் கம்ப உயரத்தில் கால் பங்கு போதும்: 20 அடிக் கம்பத்துக்கு 5 அடிக்கு 3 அடி.

ஓரத்தில் ஒரு நூல் பிரிந்தால் அன்றே இறக்குங்கள். நாளைக்கு என்று விட்டால் ஒரு நூல் ஒரு சாண் ஆகியிருக்கும். பிரிந்ததை நேராக வெட்டி, ஓரத்தை இரண்டு முறை மடித்து, பாலியஸ்டர் நூலால் 4 வரிசை தையுங்கள். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுவிடும். ஒவ்வொரு வரிசையின் இரு முனையிலும் பின்னோக்கி நாலு தையல் போட்டுப் பூட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அங்கிருந்துதான் மறுபடி பிரிகிறது. மூலைகளில் குறுக்குத் தையலும் உண்டு. கொடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகும், பரவாயில்லை. தேசக் கொடிக்கு மட்டும் இந்த வெட்டல் ஆகாது, அளவு விகிதம் கெட்டுவிடும்.

ஈரக் கொடியை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

இராத்திரி இறக்கிவிடுங்கள் அப்பா. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? கொடியைக் கயிற்றில் மாட்டும் உலோகக் கொளுக்கி கம்பத்தில் டங் டங்கென்று மோதுவதுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கொளுக்கிக்கு ரப்பர் உறை போடுங்கள். கொடியைக் கழற்றியதும் இரண்டு கொளுக்கிகளையும் ஒன்றோடொன்று மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். மறந்தால் ஒரு முனை கப்பிவரை ஏறிவிடும், அப்புறம் ஏணிதான்.